‘அர்பன்’னா யாரு? ஆரணி தறிக்காரர் நகரவாசியா, கிராமவாசியா?

ஆரணி பஸ் ஸ்டாண்டில் நின்று ‘நீங்க டவுனா, கிராமமா?’ என்று கேட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள். சேவூர்க்காரரும் முள்ளிப்பட்டுக்காரரும் ‘டவுனுக்கு வந்திருக்கேன்’ என்பார்கள். ஆரணிக்காரருக்கு அது சொந்த ஊர். அவர் ‘பட்டணம் போறேன்’ என்றால் சென்னைக்குப் போகிறார் என்று அர்த்தம்.

இதே கேள்வி ஒரு விண்ணப்பத்தில் வந்தால்தான் சிக்கல். ‘ரூரல்’, ‘அர்பன்’ என்று இரண்டு கட்டம், ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். தறியில் பட்டு நெய்கிறவர் எதில் டிக் அடிப்பது?

சொல் எங்கிருந்து வந்தது?

‘அர்பன்’ என்பதன் வேர் லத்தீன் மொழியின் ‘உர்ப்ஸ்’. நகரம் என்று பொருள். பழைய ரோமானியர்கள் வெறுமனே ‘உர்ப்ஸ்’ என்றாலே அது ரோம் நகரத்தைத்தான் குறிக்கும், நம்மவர்கள் ‘பட்டணம்’ என்றால் சென்னை என்று புரிந்துகொள்வது போல. நகரத்தில் வசிப்பவர் ‘அர்பனைட்’. நகரத்தை ஒட்டிய பகுதி ‘சபர்ப்’, அதாவது புறநகர். (‘உர்ப்ஸ்’ நம்ம ‘ஊர்’லேருந்து போனதுதான் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பிவிட வேண்டாம். ஒலி மட்டும்தான் ஒத்துப்போகிறது.)

‘அர்பேன்’ என்று இன்னொரு ஆங்கிலச் சொல்லும் உண்டு. பண்பாகப் பேசிப் பழகத் தெரிந்தவர் என்று அர்த்தம். நகரத்தில் இருப்பவருக்குத்தான் நாசூக்கு தெரியும் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நகரத்தை ஒட்டிப் பிறந்த ‘நாகரிகம்’ என்ற சொல்லையே பண்பாட்டுக்குப் பெயராக வைத்திருக்கிறோம்.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘நகரவாசி’ சரியாக இருக்கும். ‘நகரத்தார்’ என்று எழுதினால் அது செட்டிநாட்டைக் குறித்துவிடும். அரசு ஆவணங்களில் ‘நகர்ப்புறம்’, ‘ஊரகம்’ என்ற ஜோடிதான் வழக்கம்.

சென்சஸ் யாரை ‘அர்பன்’ என்கிறது?

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, கன்டோன்மென்ட் என்று அரசு அறிவித்த ஊர்கள் நேரடியாக நகர்ப்புறம். ஆரணி நகராட்சி. 2011 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 63,671. அங்கே சந்தேகமே இல்லை.

சந்தேகம் சுற்றுவட்டாரத்தில்தான். ஊராட்சியாக இருந்தாலும் மூன்று நிபந்தனைகள் பொருந்தினால் சென்சஸ் அதை ‘சென்சஸ் டவுன்’ என்று நகர்ப்புறக் கணக்கில் சேர்த்துவிடும். குறைந்தது 5,000 பேர் இருக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர் வசிக்க வேண்டும். ஆண் தொழிலாளர்களில் குறைந்தது 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும்.

2011-ல் தமிழ்நாட்டின் சராசரி நெருக்கமே 555. அதனால் இரண்டாவது நிபந்தனை இங்கே பெரிய தடை இல்லை. ஆட்டத்தை முடிவு செய்வது மூன்றாவதுதான்.

ஆரணிப் பக்கம் அதை யோசித்துப் பாருங்கள். தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற ஊர்களில் வீட்டுக்குள்ளேயே தறி. வெளியே நெல் வயல், ஆடு மாடு, மண் தெரு என எல்லாம் கிராமம்தான். ஆனால் குழித்தறியில் உட்கார்ந்து பட்டுச்சேலை நெய்பவர் கணக்கில் விவசாயி அல்ல, தொழில் செய்பவர். நெல் விளைவிப்பவர் விவசாயி, அதே நெல்லை அரைக்கும் ரைஸ் மில்லில் வேலை செய்பவர் விவசாயி அல்ல. அரிசிக்கும் பட்டுக்கும் பேர் போன வட்டாரம் என்பதால், பார்வைக்குக் கிராமமாக இருக்கும் ஊர்கூட 75 சதவீதத்தை நெருங்க வாய்ப்பு உண்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த 75 சதவீதத்தில் எண்ணப்படுவது ஆண்கள் மட்டும், அதிலும் வருடத்தில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை பார்த்தவர்கள் மட்டும். பாவு போடுவது, நூல் சுற்றுவது, தறியில் உட்காருவது என்று பெண்கள் செய்யும் எதுவும் இந்தக் கணக்கில் வராது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறி சார்ந்த தொழிலாளர்கள் சுமார் 35 லட்சம் பேர், அதில் 25 லட்சத்துக்கும் மேல் பெண்கள். ஒரு நெசவு ஊர் நகரமா இல்லையா என்பதை, பெண்களின் உழைப்பைப் பார்க்காமலே முடிவு செய்கிறார்கள். இது விநோதமான கணக்குதான்.

2011-ல் தமிழ்நாட்டில் 376 சென்சஸ் டவுன்கள். 2001-ல் அது 111 மட்டுமே. மாநிலத்தில் 48.4 சதவீதம் பேர் நகரவாசிகள் என்ற பிரபலமான எண்ணில் இவர்களும் அடக்கம்.

பேங்க்ல வேற கணக்கு

ரிசர்வ் வங்கி ஊர்களை மக்கள்தொகையை வைத்துப் பிரிக்கிறது. 10,000-க்குக் கீழே ரூரல், அதற்கு மேல் ஒரு லட்சத்துக்குள் ‘செமி அர்பன்’, ஒரு லட்சம் முதல் 10 லட்சத்துக்குள் அர்பன், அதற்கு மேல் மெட்ரோ. இதன்படி ஆரணி ‘செமி அர்பன்’. சென்சஸில் முழு நகரவாசியாக இருப்பவர் பாஸ்புக்கில் அரை நகரவாசி! பல தனியார் வங்கிகளில் மினிமம் பேலன்ஸ் தொகை இந்தப் பிரிவை வைத்துத்தான் மாறுகிறது. அக்கவுன்ட் தொடங்கும்போது ‘இந்த பிராஞ்ச் எந்த கேட்டகிரி?’ என்று கேட்டுவிடுவது நல்லது.

பாக்கெட்டைத் தொடுவது எது?

சென்சஸ் ஒரு ஊரை ‘டவுன்’ என்று எழுதினால் உடனே எதுவும் மாறாது. ஊராட்சி ஊராட்சியாகவே இருக்கும், ஊரகத் திட்டங்களும் தொடரும். மாற்றம் வருவது மாநில அரசு அரசாணை போட்டு அந்த ஊராட்சியைப் பேரூராட்சி ஆக்கும்போது, அல்லது பக்கத்து நகராட்சியோடு இணைக்கும்போது.

அப்படி மாறினால் முதலில் கைவிட்டுப் போவது 100 நாள் வேலை. 2005-ல் வந்த அந்தச் சட்டம் ஊரகக் குடும்பங்களுக்கு மட்டும். அதற்குப் பதிலாக 2025 டிசம்பரில் நிறைவேறிய 125 நாள் வேலைச் சட்டமும் ஊரகத்துக்குத்தான். குடிசைக்குப் பதில் வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் தரும் கலைஞரின் கனவு இல்லம் திட்டமும் ஊரகப் பகுதிக்கானது. நகர்ப்புறத்துக்கு வேறு வீட்டுத் திட்டம் உண்டு, ஆனால் விதிமுறை வேறு, போய் நிற்க வேண்டிய அலுவலகமும் வேறு.

நெசவாளர் குடும்பத்துக்கு இது ஏன் முக்கியம்? ஆர்டர் குறைந்து தறி சும்மா நிற்கும் மாதங்களில், வீட்டில் ஒருவர் மண்வெட்டி எடுத்துப் போனால் கைக்குக் கொஞ்சம் காசு வரும். 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பல ஊராட்சிகளை நகர்ப்புற உள்ளாட்சிகளோடு இணைக்கும் அறிவிப்பு வந்தபோது, பல இடங்களில் மக்கள் ரோட்டுக்கு வந்து போராடியது இதனால்தான். ‘வேலை போகும், வரி ஏறும்’ என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். இணைப்பால் குடிநீர், தெருவிளக்கு, சாலை மேம்படும் என்பது அரசுத் தரப்பு வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் வசதி வர வருடங்கள் ஆகும், 100 நாள் வேலை உடனே நின்றுவிடும்.

ஒரே கையெழுத்தில் எல்லாம் தலைகீழாக மாறியதும் நடந்திருக்கிறது. 2004-ல் தமிழ்நாட்டின் 500-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் ‘சிறப்பு சிற்றூராட்சி’களாக மாற்றப்பட்டன. ஊரகத் திட்ட நிதியைப் பெறுவது அதன் நோக்கம். 2006-ல் மறுபடியும் பேரூராட்சி. யாரும் வீடு மாறவில்லை, தொழில் மாறவில்லை. இரண்டு வருடம் மட்டும் கிராமவாசி!

எது மாறாது?

கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் தறியை வைத்துத்தான், ஊரை வைத்து இல்லை. ஆரணிப் பட்டுக்கு உள்ள புவிசார் குறியீட்டுக்கும் ரூரல், அர்பன் பேதம் கிடையாது.

உங்க ஊர் எதுல வருது?

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். ‘ஊராட்சி’ என்றிருந்தால் அரசுத் திட்டங்களுக்கு நீங்கள் ரூரல். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்றிருந்தால் அர்பன். விண்ணப்பத்தில் டிக் அடிக்க இந்த ரசீது போதும்.

சென்சஸ் கணக்கு புதிதாக வரப்போகிறது. இந்தமுறை கணக்கெடுப்புக்கான நிர்வாக எல்லைகள் 2025 டிசம்பர் 31-ல் இருந்தபடி எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஆட்களை எண்ணுவது 2027 பிப்ரவரியில். அப்போது வீட்டுக்கு வருபவர் ‘என்ன வேலை, வருஷத்துல எத்தனை மாசம்?’ என்று கேட்பார். தறியில் உட்காரும் பெண்கள் ‘சும்மா வீட்லதான்’ என்று சொல்லிவிடாமல், நெசவு என்றே பதியச் சொல்லலாம். ஊர் டவுனா என்ற கணக்கில் அது சேராது. ஆனால் நாட்டில் எத்தனை பெண்கள் தொழில் செய்கிறார்கள் என்ற கணக்கில் சேரும்.