உடல் பருமன்: குறை சொல்வதற்கு முன் தெரிந்துகொள்வோம்

உடல் பருத்தவர்களுக்கு அறிவுரை சொல்ல நம் குடும்பங்களில் ஆளுக்குக் குறைவில்லை. "வாயைக் கட்டினால் தானாக இளைக்கும்" என்பார்கள். வலீமா விருந்தில் தட்டைப் பார்த்துக் கேலி செய்வோரும் உண்டு. பெண் பார்க்கப் போன இடத்தில் எடையைக் காரணம் காட்டி மறுப்பவர்களும் உண்டு. ஆசையை அடக்கத் தெரியாததே பருமனுக்குக் காரணம் என்று நாம் எளிதாக முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் உடல் இயங்கும் விதம் வேறு.

எடையைக் காக்கும் உடல்

நம் உடலில் உள்ள கொழுப்பு, லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. "சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது" என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. 1994-இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழுவினர் இதைக் கண்டறிந்தனர். இரைப்பையில் சுரக்கும் கிரெலின் பசியைத் தூண்டுகிறது.

பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் லெப்டின் குறைகிறது, கிரெலின் கூடுகிறது. பஞ்சம் வந்துவிட்டதாக எண்ணி உடல் செலவைச் சுருக்குகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு ஆராய்ந்தார்கள். அவர்களின் உடல், இருக்க வேண்டிய அளவைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்தது. 2016-இல் இந்த ஆய்வு வெளியானது. குறைத்த எடை திரும்பி வருவதற்கு மனவுறுதிக் குறைவு மட்டும் காரணமல்ல என்பது இதிலிருந்து புரிகிறது.

நம் அளவுகோல்

இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்கிறது. அதனால் உடல் எடைக் குறியீடு (பி.எம்.ஐ.) 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தொட்டால் பருமன் என்று இங்கே கணக்கிடுகிறார்கள். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 64 கிலோ என்பது 25. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ.க்கு உள்ளே இருக்க வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டுப் பெண்களில் 40 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 37 விழுக்காட்டினருக்கும் எடை அதிகம்.

சிகிச்சை

முதல் படி உணவும் நடையும். பிரியாணி, பரோட்டா, இனிப்புத் தேநீரைக் குறைத்து, காய்கறி, பருப்பு, மீன், முட்டையைக் கூட்டலாம். எடை ஐந்து விழுக்காடு குறைந்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும்.

அது போதாதவர்களுக்கு வாரம் ஒருமுறை போடும் ஊசிகள் 2025-இல் இந்தியாவுக்கு வந்தன: மார்ச்சில் மௌன்ஜாரோ, ஜூனில் வெகோவி. குடலில் சுரக்கும் ஹார்மோனைப் போலச் செயல்பட்டு இவை பசியைத் தணிக்கின்றன. வெகோவியில் உள்ள செமாகுளுடைடை 68 வாரம் பயன்படுத்தியவர்களுக்குச் சராசரியாகச் சுமார் 15 விழுக்காடு எடை குறைந்தது. நிறுத்திய ஓராண்டில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் வரலாம். கர்ப்பிணிகள் போடக்கூடாது. மருத்துவர் சீட்டு இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்குவது ஆபத்து. பருமன் மிகக் கடுமையாக இருந்தால் இரைப்பை அறுவை சிகிச்சையும் உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில்தான் அதைச் செய்துகொள்ள வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

பூந்தமல்லி அரசு மருத்துவமனையிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனையைச் செய்துகொள்வோம். இந்த ஊசியோ சர்க்கரை மருந்தோ எடுப்பவர்கள் ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைக் கேட்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். பகலெல்லாம் நோன்பிருந்து, இஃப்தாரில் சமோசாவும் வடையுமாகச் சாப்பிட்டால் எடை குறையாது.

உடல் நம்மிடம் உள்ள அமானிதம். நோய்க்கு மருத்துவம் தேடுவதில் வெட்கப்பட எதுவுமில்லை. கேலிக்குப் பயந்து மருத்துவரிடம் போகாமலே இருக்கும் சகோதரிகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போவது, ஆயிரம் அறிவுரைகளைவிடப் பயன் தரும்.