லிண்டமனும் பத்து விழுக்காட்டு விதியும்: சூழல்மண்டல ஆற்றலோட்டக் கருத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஓர் ஊட்ட மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்திற்குப் பத்து விழுக்காடு ஆற்றலே கடத்தப்படுகிறது என்னும் விதி, ரேமண்ட் லிண்டமன் 1942இல் வகுத்ததாகப் பாடநூல்களில் இடம்பெறுகிறது. அவ்வாண்டு வெளியான அவரது கட்டுரையின் அளவீடுகள் அவ்விதியைத் தரவில்லை. அக்கட்டுரை உருவான சூழலையும் அது எதிர்கொண்ட மறுப்பையும் அதன் உள்ளடக்கத்தையும் ஆராயும் இவ்வாய்வு, லிண்டமனின் பங்களிப்பு ஓர் எண்ணில் அன்று, ஒரு நோக்குமுறையில் அமைந்துள்ளது என நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: சூழல்மண்டலம், ஆற்றலோட்டம், ஊட்ட மட்டம், பொருள் சுழற்சி, லிண்டமன்.

முன்னுரை

சார்லஸ் எல்டன் 1927இல் உணவுச்சங்கிலியையும் எண்ணிக்கைப் பிரமிடையும் விளக்கினார். ஆர்தர் டான்ஸ்லி 1935இல் உயிரினங்களையும் அவற்றின் உயிரற்ற சூழலையும் ஒரே தொகுதியாகக் கருதி, அதனைச் சூழல்மண்டலம் என்னும் சொல்லால் குறித்தார். எனினும், அத்தொகுதியை அளப்பதற்கான பொது அலகு தேவைப்பட்டது. பாசியையும் மீனையும் எண்ணிக்கையால் ஒப்பிடுவதில் பொருளில்லை. இரண்டிலும் அடங்கியுள்ள ஆற்றலைக் கலோரியில் ஒப்பிட இயலும். இவ்வழியை ஒரு முழு ஏரிக்கும் பொருத்திக் கோட்பாடாக வளர்த்தவர் லிண்டமன்.

சீடர் பாக் ஏரி

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள சீடர் பாக், ஆழம் குறைந்த, மெல்லத் தூர்ந்துவரும் சிற்றேரியாகும். மின்னசோட்டா பல்கலைக்கழக முனைவர்பட்ட ஆய்வுக்காக லிண்டமன் ஐந்தாண்டுகள் அதனை ஆராய்ந்தார். களப்பணியில் அவர்தம் துணைவியார் எலினரும் துணைநின்றார். 1941இல் பட்டம் பெற்றபின் யேல் பல்கலைக்கழகம் சென்று, ஈவ்லின் ஹட்சின்சனிடம் பணியாற்றினார். ஆய்வேட்டின் இறுதி இயல் அங்கு விரிவாக்கப்பட்டு, ‘சூழலியலின் ஊட்ட இயக்கவியல் கூறு’ என்று பொருள்படும் தலைப்புடைய கட்டுரையாயிற்று.

மறுப்பும் வெளியீடும்

‘எக்காலஜி’ இதழுக்கு அனுப்பப்பட்ட அக்கட்டுரையை மதிப்பீட்டாளர்களான சான்சி ஜூடே, பால் வெல்ச் ஆகிய இருவரும் ஏற்கவில்லை. ஏரிகளைப் பற்றிப் பொதுக் கோட்பாடு வகுக்கத் தரவுகள் போதா என்பது அவர்களது நிலைப்பாடு. அம்மறுப்பைப் புறந்தள்ளிவிட இயலாது. சுவாசம், இரையாதல், சிதைவு ஆகியவற்றால் நேரும் இழப்புகள் சிலவற்றை லிண்டமன் பிறர் ஆய்வுகளைக் கொண்டே மதிப்பிட்டிருந்தார். மறுபுறம், ஒப்பீட்டிற்கு அவர் எடுத்துக்கொண்ட மெண்டோட்டா ஏரியின் தரவுகள் ஜூடேயே திரட்டியவை. ஒரே தரவு ஒருவருக்கு முடிந்த கணக்காகவும் மற்றவருக்குக் கோட்பாட்டின் தொடக்கமாகவும் தோன்றியது.

ஹட்சின்சனின் பரிந்துரைக்குப்பின் இதழாசிரியர் தாமஸ் பார்க், திருத்திய வடிவை ஏற்றார். கல்லீரல் நோயுற்றிருந்த லிண்டமன் 1942 ஜூன் 29 அன்று, தம் 26ஆம் வயதில் மறைந்தார். கட்டுரை அவ்வாண்டு அக்டோபரில் ஹட்சின்சனின் பின்குறிப்புடன் வெளிவந்தது.

கட்டுரை தரும் எண்கள்

லிண்டமனின் கணக்கின்படி, சீடர் பாக் ஏரியில் உற்பத்தியாளர்கள் சூரிய ஆற்றலில் 0.10 விழுக்காட்டையே பயன்படுத்தின. முதல்நிலை நுகர்வோரின் திறன் 13.3 விழுக்காடு, இரண்டாம்நிலையில் 22.3 விழுக்காடு. மெண்டோட்டாவில் இவை முறையே 0.40, 8.7, 5.5 ஆகவும், மூன்றாம்நிலை நுகர்வோருக்கு 13.0 ஆகவும் அமைந்தன. இவற்றுள் எதுவும் மாறாத பத்து அன்று. மேல்மட்டங்களில் திறன் கூடக்கூடும் என்பதே அவர் முன்வைத்த கருத்து. மாறிலி ஒன்று உண்டென்பதற்கு இது நேர்மாறானது.

அடிச்சேறும் பொருள் சுழற்சியும்

லிண்டமனின் உணவுச்சுழற்சி வரைபடத்தின் நடுவில் இருப்பது மீனோ பாசியோ அன்று, ஏரியின் அடிச்சேறு. இறந்த உயிரிகளும் கழிவுகளும் அங்குச் சேர்கின்றன. பாக்டீரியாக்கள் அவற்றைச் சிதைத்து ஊட்டப்பொருள்களை நீருக்கு மீட்டளிக்கின்றன. ஒரு பகுதி நேரடியாகவே விலங்குகளுக்கு உணவாகிறது. ஆற்றல் ஒவ்வொரு மட்டத்திலும் வெப்பமாக வெளியேறி மீளாது போகிறது. பொருளோ சேற்றின்வழி மீண்டும் சுழற்சிக்குள் வருகிறது. சேற்றில் உயிருள்ளது எது, உயிரற்றது எது எனப் பிரித்தல் அரிது. இவ்வருமையே டான்ஸ்லியின் கருத்தை லிண்டமன் ஏற்றதன் அடிப்படையாகும். பின்னர் 1963 முதல் நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் புரூக் காட்டில் லைக்கன்ஸ், போர்மன் முதலியோர் நீர்ப்பிடிப்புப் பகுதிகளுக்குள் வரும் ஊட்டப்பொருள்களையும் ஓடைவழி வெளியேறுவனவற்றையும் அளந்து, பொருள் சுழற்சியைக் கணக்கிற்குள் கொணர்ந்தனர்.

முடிவுரை

பத்து விழுக்காடு என்பது ஆதாரமற்ற எண் அன்று. டேனியல் பாலி, வில்லி கிறிஸ்டென்சன் ஆகியோர் 1995இல் 48 நீர்ச்சூழல் மாதிரிகளை ஆராய்ந்தபோது சராசரி ஏறத்தாழ பத்தாகவே அமைந்தது. ஆயினும் தனித்தனி மதிப்புகள் பரவலாக வேறுபட்டன. சராசரி விதியாகாது. அதனை லிண்டமன் பெயரில் விதியாகக் கற்பிக்கும்போது, அவர் அளந்து காட்டிய வேறுபாடுகளும் வரைபடத்தின் நடுவில் வைத்த சேறும் மறைந்துவிடுகின்றன. எண்ணுடன் அதன் வரலாற்றையும் பாடநூல்கள் தருதல், அறிவியல் தமிழுக்கு நேர்மையும் தெளிவும் சேர்க்கும்.