மணல்மேட்டில் எழுந்த ஊர்

ஊர் என்று நாம் எதைச் சொல்கிறோம்? ஓர் ஆறோ குளமோ இருக்க வேண்டும். வழிபட ஓர் இடம் வேண்டும். முன்னோரைப் புதைத்த மண் வேண்டும். இவை மூன்றும் சேர்ந்தால்தான் நம்மவர் அதை ஊர் என்பர். இவற்றுள் ஒன்றேனும் இல்லாத இடத்தில், நிலத்தடியில் கிடைத்த ஒரே ஒரு பொருளுக்காக எழுந்த ஊரொன்று உண்டு. அது குவைத் நாட்டின் அகமதி. இந்தியர் பலர் தம் இளமையைக் கொடுத்து உருவாக்கிய அவ்வூரின் வரலாறு, பிழைப்புக்காக வேற்று நாடு சென்றவர்களின் வரலாறாகவும் இருப்பதால், சற்று நின்று நினைத்துப் பார்க்கத் தக்கது.

எண்ணெய்க்கு முற்பட்ட குவைத், முத்துக்குளிப்பையும் பாய்மரக் கப்பல் வணிகத்தையும் நம்பி வாழ்ந்த சிறு துறைமுகம். அதன் கப்பல்களுக்குத் தேக்கு மரம் மலபார்க் கரையிலிருந்து சென்றது. குடிநீரோ ஷத்-அல்-அரபு ஆற்றிலிருந்து படகுகளில் வந்தது. 1930களில் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் ஒருசேரத் தாக்கியதால், குளிகாரரின் வாழ்வு நலிந்தது. அந்நிலையில்தான் 1934 டிசம்பர் 23ஆம் நாள் ஆட்சியாளர் ஷேக் அகமது அல்-ஜாபர் அல்-சபா, குவைத் எண்ணெய் நிறுவனத்துக்கு 75 ஆண்டு உரிமை அளிக்கும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். ஆங்கிலோ-பாரசீக நிறுவனமும் அமெரிக்காவின் கல்ஃப் நிறுவனமும் சரிபாதியாகப் பங்கு கொண்ட அமைப்பு அது. 1936இல் பஹ்ரா என்னுமிடத்தில் தோண்டிய முதற்கிணறு ஏமாற்றியது. 1938 பிப்ரவரியில் தெற்கே புர்கானில் எண்ணெய் பீறிட்டது. உலகின் மிகப்பெரிய எண்ணெய் வயல்களுள் இரண்டாவது எனப்படும் வயல் அதுவே. இரண்டாம் உலகப்போர் வந்ததால் கிணறுகள் 1942இல் அடைக்கப்பட்டன. போர் முடிந்து 1946 ஜூன் 30 அன்றுதான் முதல் எண்ணெய்க் கப்பல் குவைத்தை விட்டுப் புறப்பட்டது.

இனி, தொழிலாளரும் அலுவலரும் தங்க ஓர் இடம் வேண்டியிருந்தது. புர்கானுக்கும் கடலுக்கும் இடையே, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 120 மீட்டர் உயரத்தில் ஒரு மேடு உண்டு. எண்ணெயை அம்மேட்டின் தொட்டிகளில் சேர்த்துவிட்டால், பின்னர் அது தன் எடையாலேயே சரிந்து துறைமுகத்துக் கப்பல்களுக்குள் இறங்கிவிடும். மேட்டில் கடற்காற்றும் சற்று வீசும். எண்ணெய்க்கு ஏற்ற இடமே மனிதருக்கும் இடமாயிற்று. ஆட்சியாளரின் பெயரால் அதற்கு அகமதி என்று பெயரிட்டனர். கூடாரங்களும் தகரக் குடில்களுமாகத் தொடங்கிய அவ்வூர், சில ஆண்டுகளுக்குள் நேர்வீதிகளும் புல்வெளிகளும் பூஞ்செடிகளும் கொண்ட நகரமாயிற்று. பாலையில் ஒரு செடி நிற்பதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டுமென்பதை அறிந்தவர், அப்பசுமையின் விலையையும் அறிவர்.

அகமதியைத் திட்டமிட்டவர் ஜேம்ஸ் மாலிசன் வில்சன் என்னும் பிரித்தானியக் கட்டடக் கலைஞர். புதுதில்லி உருவான காலத்தில் லட்யன்சின் கீழ்ப் பணிபுரிந்தவர். பின் ஈராக்கில் பொதுப்பணித் துறையை நடத்தியவர். பாரசீகத்தின் அபாதான் எண்ணெய் நகரிலும் குடியிருப்புகளை வரைந்தவர். தில்லியில் பதவிக்கேற்ற வீடு, வீட்டுக்கேற்ற தெரு என்று வகுத்த முறை, இவ்வழியாகப் பாலைவனத்தையும் அடைந்தது. அகமதியின் வடபகுதி ஆங்கிலேய, அமெரிக்க மேலலுவலர்களுக்கு. நடுப்பகுதி எழுத்தர், கணக்கர், தொழில்வினைஞர் ஆகிய இந்தியருக்கும் பாகிஸ்தானியருக்கும். தென்பகுதி அரபுத் தொழிலாளருக்கு. வீட்டின் அளவு, தோட்டத்தின் பரப்பு, பொழுதுபோக்கு மன்றம் ஆகிய யாவும் இவ்வரிசைப்படியே குறைந்துகொண்டு சென்றன. ஒருவன் என்ன வேலை செய்கிறான் என்பது மட்டுமன்று, எங்கே பிறந்தான் என்பதும் அவன் தெருவைத் தீர்மானித்தது. சாதித் தெருக்களைக் கண்டு பழகிய நமக்கு இது புதிதன்று. நம்மிடையே உள்ளது பழமையின் சுமை என்கிறோம். இதுவோ இருபதாம் நூற்றாண்டின் நடுவில், வரைபடத் தாளில், அளவுகோல் வைத்துப் புதிதாக வரையப்பட்டது.

அந்நடுப்பகுதிக்கு மக்கள் எவ்வாறு சென்றனர்? பம்பாயிலிருந்து கராச்சி வழியாக, பாரசீக வளைகுடாவின் துறைதோறும் நின்று பஸ்ரா வரை செல்லும் பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் கப்பல்களில் சென்றனர். மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்தே பலர் அப்பயணத்தை முடித்தனர். அக்கப்பல்களுள் ஒன்றான 'தாரா', 1961 ஏப்ரல் 8 அன்று துபாய்க்கு அப்பால் வெடித்துத் தீப்பற்றியது. 238 பேர் மாண்டனர். பிழைப்புக்கு இட்டுச் சென்ற கடலே பலருக்குக் கல்லறையாயிற்று. குவைத்தில் அன்று இந்திய ரூபாயே செலாவணி. 1959இல் வளைகுடாவுக்கெனத் தனி ரூபாய்த் தாளை நம் ரிசர்வ் வங்கி வெளியிட்டது. 1961இல்தான் குவைத் தீனார் வந்தது. கையில் வாங்கிய சம்பளத்தில் நம் நாட்டின் பெயர் இருந்தது. குடியிருந்த மண்ணில் மட்டும் நம்மவருக்கு உரிமையில்லை.

திருச்சபையின் வரலாறும் இவ்வூரோடு பின்னியிருக்கிறது. 1948இல் கார்மெல் சபைத் துறவியான இத்தாலியர் தெயோபானோ ஸ்டெல்லா அடிகளார் குவைத் வந்து, எண்ணெய்த் தொழிலாளரிடையே பணி தொடங்கினார். பின்னாளில் குவைத்தின் முதல் ஆயராகவும் ஆனார். அகமதியில் நிறுவப்பட்ட அரபு நாட்டு அன்னையின் திருவுருவம், 1949இல் உரோமையில் திருத்தந்தை 12ஆம் பத்திநாதரால் மந்திரிக்கப்பெற்று வந்தது. 1950களின் நடுவில் எண்ணெய் நிறுவனமே அன்னைக்கு ஆலயம் கட்டித் தந்தது. 1960 மார்ச் 25 அன்று அத்திருவுருவத்திற்கு முடிசூட்ட, திருத்தந்தையின் பெயரால் வந்தவர் பம்பாய்ப் பேராயர் கர்தினால் வலேரியன் கிராசியாஸ். இந்தியாவின் முதல் கர்தினாலாகிய அவரே, பிழைப்புத் தேடிப் பெயர்ந்த கோவா நாட்டுப் பெற்றோருக்குக் கராச்சியில் பிறந்தவர். நடுப்பகுதியின் எழுத்தருக்கும் கணக்கருக்கும் அந்நாள் எத்தகையதாய் இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். வடபகுதி அலுவலரும் முழந்தாளிட்ட பீடத்தின்முன், செம்மேலாடை அணிந்து நின்றவர் ஓர் இந்தியர்! பீடத்துக்கு வடக்கு, நடு, தெற்கு என்ற பிரிவு கிடையாது. ஆயினும் திருப்பலி முடிந்ததும் அவரவர் தம் பகுதிக்கே நடந்தனர் என்பதையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும்.

1959இல் குவைத் தன் குடியுரிமைச் சட்டத்தை இயற்றியது. 1920க்கு முன்னரே அங்குக் குடியேறி வாழ்ந்தவரே குவைத் குடிமக்கள் என்பது அதன் அடிப்படை. எண்ணெய் கிடைத்தது 1938இல். எனவே எண்ணெயைத் தேடி வந்தவர் எவரும், எத்தனை ஆண்டு உழைத்தாலும், விருந்தினரே. எண்ணிக்கையில் சிறிய ஒரு மக்கள், வெள்ளமென வந்தவரிடையே தம் நாட்டை இழந்துவிடுவோமோ என்று அஞ்சியதில் நியாயம் உண்டு. அவர்களும் தம் மண்ணிலேயே தென்பகுதியில் நிறுத்தப்பட்டவர்கள் அல்லவா? 1961இல் நாடு விடுதலை பெற்றது. 1975க்குள் நிறுவனம் முழுவதும் அரசின் கைக்கு வந்தது. வடபகுதியின் ஆங்கிலேயர் படிப்படியாக வெளியேறினர். ஒருவர் நியாயம் மற்றவர் நியாயத்தோடு மோதும்போது, நடுவில் நிற்பவர் கணக்கில் வருவதில்லை.

1990 ஆகஸ்டு 2 அன்று ஈராக்கியப் படை நுழைந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர், சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டு, பாலைவழியே ஜோர்தான் சென்று, அம்மானிலிருந்து விமானமேறித் தாயகம் திரும்பினர். பின்வாங்கிய படை 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தது. நண்பகலும் இரவாயிற்று; வீட்டுச் சுவரெங்கும் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தது. பல நாட்டுத் தீயணைப்போர் மாதக்கணக்கில் போராடி, 1991 நவம்பரில் கடைசிக் கிணற்றை அடக்கினர். அத்தீயை அவிக்கத் தண்ணீர் எவ்வாறு வந்தது தெரியுமா? எண்ணெயைக் கடலுக்கு இறக்கிய அதே குழாய்களின் வழியே, கடல்நீரை மேலேற்றிக் கொண்டுவந்தனர். போருக்குப் பின், அந்நாட்டில் ஒரு தலைமுறைக்கு மேல் வாழ்ந்திருந்த பாலஸ்தீனியருள் பெரும்பாலோர் வெளியேற நேர்ந்தது. இரண்டாம் முறை வீடிழந்தவர்கள் அவர்கள்.

இன்று அகமதியைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் பார்த்தால், வடபகுதியின் நினைவுகளே மிகுதி. தோட்டங்கள், நாடக மாலைகள், குபாரா மன்றத்து விருந்துகள் என நிழற்படங்களும் ஏராளம். அதில் குற்றமில்லை, வாழ்ந்தவர் தம் வாழ்வை எழுதினர். நடுப்பகுதியினர் எழுதியவை வேறு வகை. வீட்டுக்கு அனுப்பிய பணத்தின் கணக்கு, தங்கைக்குச் செய்த திருமணம், மூத்தவனின் கல்லூரிச் செலவு, ஓட்டு வீட்டின் மேல் எழுந்த மாடி. அவற்றை வரலாறு என்று அவர்களே எண்ணவில்லை. பெற்றோரின் சாவுக்கு வர இயலாமல் தந்தி மட்டும் பெற்றவர்கள், தம் பிள்ளையை முதன்முறை நடக்கிற வயதில் பார்த்தவர்கள், அதைப் பேசவும் கூசினர். பேசினால் வீட்டார் வருந்துவர் என்பது ஒன்று. அனுப்பிய பணத்துக்கு விலை சொல்வதாகிவிடுமோ என்ற தயக்கம் மற்றொன்று.

அந்நியரை ஒடுக்காதே, எகிப்தில் நீயும் அந்நியனாய் இருந்தாய் என்று இஸ்ரயேல் மக்களுக்கு ஆண்டவர் கட்டளையிட்டபோது, அவர்களிடம் முதலில் கேட்டது நினைவைத்தான். நினைவை இழந்தவன் தன் வாசலுக்கு வரும் அந்நியனை அடையாளம் காணமாட்டான். நம் நகரங்களில் வடநாட்டுத் தொழிலாளர், கட்டி முடியாத மாடிகளின் அடியில் தகரக் கொட்டகைகளில் படுத்திருக்கின்றனர். அவர்கள் தங்குமிடமும் நம் தெருவுக்கு அப்பால்தான் இருக்கிறது. வளைகுடாப் பணத்தில் கட்டிய வீட்டிலிருந்தே அவர்களை ஏளனமாய்ப் பார்க்கிறவர் உண்டெனில், அவ்வீட்டில் தந்தையின் கதை சொல்லப்படவில்லை என்றே பொருள்.

ஆகவே வாசகரிடம் ஒரு வேண்டுகோள். 1950களிலும் 60களிலும் கடல் கடந்து சென்றவருள் எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. நம் பங்குகளில் அத்தகையோர் இருப்பின், அவர்களிடம் சம்பளத்தைக் கேட்க வேண்டாம். எந்தக் கப்பலில் போனீர்கள், எந்தத் தெருவில் இருந்தீர்கள், யாருடன் உண்டீர்கள், எவரோடு உண்ண இயலவில்லை என்று கேளுங்கள். சொல்வதை ஒரு குறிப்பேட்டில் ஆண்டும் இடமும் சேர்த்து எழுதி வையுங்கள். நடுப்பகுதியின் வரலாற்றை வடபகுதியினர் எழுதப்போவதில்லை.