கந்தக மண்ணில் கலைக்குழுக்கள்

சிவகாசி, சாத்தூர் வட்டாரச் சிற்றூர்களில், பொழுது புலருமுன்னரே தீப்பெட்டி ஆலைப் பேருந்து வந்து நின்ற காலம் ஒன்றுண்டு. ஏறியோருள் சிறாரும் பலர். குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் கழிந்தது அவர்தம் பகல்.

1987இல் பாரத மக்கள் அறிவியல் கலைப்பயணம் நாடெங்கும் புறப்பட்டது. பாட்டும் வீதி நாடகமுமே அதன் பாடநூல். அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் சிறுவர்க்கெனத் ‘துளிர்’ இதழும் கண்டனர். அவ்வழியில் 1990களின் முற்பகுதியில் எழுந்த அறிவொளி இயக்கம், அந்நாளில் காமராசர் மாவட்டம் எனப் பெயர் தாங்கியிருந்த இந்நிலத்திற்கும் வந்தது. தெருமுனையில் பாட்டு எழுந்தது. கதையும் விடுகதையும் தொடர்ந்தன. விடுகதையை அவிழ்க்கப் பள்ளிச் சான்றிதழ் வேண்டுவதில்லையே! எழுத்தறியாத் தாயும், பள்ளி காணாப் பிள்ளையும் அங்கே ஒருசேரச் சிரித்துக் கற்றனர்.

ஆயினும் அம்மகிழ்ச்சி மாலைக்கும் இரவுக்குமே உரியதாயிருந்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் சிறாரை விலக்கிற்று. குடும்பத்தாருடன் வீட்டில் செய்யும் வேலையையோ விட்டுவைத்தது. பெட்டி ஒட்டும் பணி வீட்டுத் திண்ணையில் தொடர்ந்தது. சிறாருள் ஒரு பகுதியினர்க்கேனும் பகற்பொழுதை மீட்டளித்தவை, 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளே. உணவும் உதவித்தொகையும் ஈந்தே அவை அவர்களை அழைத்தன.