கடைசல்

கொங்கு நாட்டு அடுக்களையில் கடைசல் என்றால் சோற்றில் பிசைந்து உண்ணும் கீரை. அதே ஊர்ப் பட்டறையில் கடைசல் என்றால் லேத் வேலை. இரண்டும் ஒரே சொல்தான்.

கடை என்னும் வினைக்குத் தயிரும் உண்டு, தீயும் உண்டு, மரமும் உண்டு. மலையாளத்தின் ‘கடயுக’வும் மோருக்கும் மரக் கடைசலுக்கும் பொது. இவற்றை இணைப்பது வெறும் சுழற்சி என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை. திரிகையும் செக்கும் சுழல்கின்றன. அவற்றில் அரைக்கிறோம், ஆட்டுகிறோம், கடைவதில்லை. கடைதலில் ஒரு கோல் போய்த் திரும்ப வேண்டும். மத்தில் கயிற்றைச் சுற்றி மாறி மாறி இழுக்கிறோம். கீரை மத்துக்கு உள்ளங்கைகளே கயிறு. தீக்கடைகோலும் அப்படித்தான். பழைய கடைசல் கருவியும் அப்படித்தான். எகிப்தின் பெட்டோசிரிஸ் கல்லறையில், கி.மு. 300ஐ ஒட்டிய ஒரு சித்திரத்தில், ஒருவர் கயிற்றை இழுக்கிறார். மற்றவர் உளி பிடித்திருக்கிறார்.

அம்பாசமுத்திரத்து மரச்சொப்பில் தீயின் உறவும் தெரியும். சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வுச் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படிகிறது.

இரும்பு லேத்தில் போய்த் திரும்பும் அந்தச் சுழற்சி இல்லை. ஒரே திசையில் இடைவிடாத சுழற்சிதான். கையில் இருந்த உளியும் இயந்திரத்திடம் போனது. 1800ஐ ஒட்டி ஹென்றி மாட்ஸ்லே லண்டனில் செய்த மரை வெட்டும் லேத் இதில் பெரிய திருப்பம். இன்றைய லேத்தில் இடப்புறம் ஹெட்ஸ்டாக், அதன் சக் வேலைத்துண்டைப் பிடித்துச் சுழற்றும். வலப்புறம் டெயில்ஸ்டாக், நீளத் தண்டின் மறுமுனையைத் தாங்க. டெயில்ஸ்டாக் பக்கவாட்டில் சற்றே விலகினாலும் தண்டு ஒருபுறம் பருத்து மறுபுறம் சிறுக்கும். இரண்டுக்கும் நடுவே, பெட் என்னும் அடித்தளத்தின் மீது நகரும் கேரேஜ், அதன்மேல் டூல் என்னும் உளியைப் பிடிக்கும் டூல் போஸ்ட்.

தொடங்குமுன் டூலின் நுனி சென்டர் உயரத்தில், அதாவது சுழற்சி அச்சின் மட்டத்தில், நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தாழ்ந்திருந்தால் முகப்பைச் சீவும்போது நடுவில் சிறு மொட்டு மிஞ்சும். இதற்கு ஓர் அழகான சோதனை உண்டு. சுழற்சியை நிறுத்திவிட்டு, உருண்டைத் தண்டுக்கும் டூல் நுனிக்கும் இடையில் மெல்லிய எஃகு ஸ்கேலை மெதுவாக நெருக்கிப் பிடியுங்கள். அது செங்குத்தாக நின்றால் உயரம் சரி. மேல்முனை நம் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. அப்பால் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. எந்த அளவுகோலும் படிக்காமல், கண்ணாலேயே காணும் உண்மை!

தொழிற்பயிற்சி நிலையத்தில் டர்னருக்குக் கடைசலர் என்று பெயர். பட்டறைப் பேச்சில் அந்தப் பெயர் அரிது. சக், பெட், கேரேஜ் என்று உறுப்புகளுக்கும் இரவல் பெயர்களே. வினை மட்டும் மாறவில்லை. தேய்ந்த சாஃப்டைத் தூக்கிக்கொண்டு வருபவர் இன்றும் கேட்பது, “அண்ணே, இதைக் கொஞ்சம் கடைஞ்சு குடுங்க.”