கைத்தொலைபேசிப் படமும் வரலாற்றுச் சான்றும்: வன்னி எழுப்பிய வினா

வன்னியின் பழைய வரலாற்றை ஆராயப் புகுவோர் வையாபாடலையும், ஒல்லாந்தர் விட்டுச்சென்ற குறிப்புக்களையும், 1895ஆம் ஆண்டில் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டக் கைந்நூலையும் நாடுவர். அவற்றுள் ஒவ்வொன்றையும் யார் எழுதினார், எப்போது எழுதினார், எவர் பொருட்டு எழுதினார் என வினவிய பின்னரே அதனைச் சான்றாகக் கொள்வர். 2009ஆம் ஆண்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் நாடும் மூலங்களுட் சில முற்றிலும் வேறு வகையின. கைத்தொலைபேசியிற் பதிவான சில நிமிட அசைபடங்கள் அவை. அவற்றை நோக்கியும் பழைய வினாக்களே எழுந்தன. அவ்வினாக்கள் பற்றிய இழுபறி ஆண்டுக்கணக்கில் நீண்டது. அதுவே பின்னர், கைத்தொலைபேசிச் செயலி ஒன்றினுட் கமரா எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதற்குப் புதியதொரு விடையையும் தோற்றுவித்தது.

2008 செப்டெம்பரில், அரசாங்கத்தின் அறிவிப்பையடுத்து ஐக்கிய நாடுகள் அமைப்பினர் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். சுதந்திரமான ஊடகவியலாளர் போர்க்களத்துள் அனுமதிக்கப்படவில்லை. 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சியும், 25இல் முல்லைத்தீவு நகரும் படையினர் வசமாயின. மக்கள் கிழக்குக் கரையோரம் புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் வரை ஒடுங்கினர். போரிட்ட இரு தரப்பாரிடமும் கமராக்கள் இருந்தனவேனும் அவை தத்தம் தரப்பின் கண்களாகவே இயங்கின. அதே ஜனவரியில், உணவுத் தொடரணியோடு சென்று உள்ளே தங்கிவிட்ட ஐக்கிய நாடுகள் அலுவலர் சிலர், சுதந்திரபுரத்தில் அமைத்த நிலையத்தின் ஆயத்தொலைவுகளைப் படைத்தரப்புக்கு அறிவித்திருந்தனர். அவ்விடத்தில் எறிகணைகள் வீழ்ந்தன. இறந்தோரின் படங்களும் எடுக்கப்பட்டன. இடத்தைக் குறிக்கும் எண்கள் ஓரிடத்திலும் படம் பிறிதோரிடத்திலுமாக இருந்தமை ஈண்டு நோக்கற்பாலது. இரண்டையும் இணைத்து நின்றது அலுவலர்தம் வாய்மொழியே.

2009 ஒகஸ்ட் 25இல் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி ஓர் அசைபடத்தை ஒளிபரப்பிற்று. கண்கள் கட்டப்பட்ட நிலையில், ஆடையின்றி இருத்தப்பட்டோர் பின்புறமிருந்து சுடப்படுவதை அது காட்டியது. ஜனவரி மாதத்திற் படைவீரர் ஒருவரின் கைத்தொலைபேசியில் எடுக்கப்பட்டது அதுவென, அதனை வழங்கிய நாடுகடந்த ஊடகவியலாளர் அமைப்பு கூறியது. கொன்றவர் பக்கத்தில் நின்ற ஒருவரே தம் களிப்புக்காக எடுத்த படம், கொல்லப்பட்டோர்க்குச் சான்றாயிற்று. அப்படம் பொய்யானது என்பதே இலங்கை அரசாங்கத்தின் நிலைப்பாடாயிருந்தது. தான் நியமித்த நான்கு நிபுணரின் கருத்துக்களையும் அது முன்வைத்தது.

நீதிக்குப் புறம்பான கொலைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன், தடயமருத்துவம், சுடுகருவியியல், அசைபடப் பகுப்பாய்வு ஆகிய துறைகளில் வல்ல மூவரைக்கொண்டு அதனை ஆராய்வித்து, 2010 ஜனவரி 7இல் முடிவை வெளியிட்டார். படம் உண்மையானது என்பதை ஆய்வு வலுவாக உணர்த்துகின்றது என்பதே அம்முடிவு. ஆயினும் மூன்று அம்சங்களுக்கு விளக்கம் கிட்டவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. சுடப்பட்டோர் சிலரின் அசைவு ஒன்று. பதிவின் இறுதியிலுள்ள 17 சட்டகங்கள் மற்றொன்று. கோப்பினுட் பொதிந்திருந்த 2009 யூலை 17 என்னும் நாள் பிறிதொன்று. போரோ மே மாதத்திலேயே முடிந்துவிட்டது. தொலைபேசியின் கடிகாரம் பிழையாக வைக்கப்பட்டிருப்பினும், கோப்பு பின்னொரு நாளிற் பிரதிசெய்யப்படினும் இத்தகைய நாள் பதியக்கூடும் என்பதைக் கணினி அறிந்தோர் எவரும் ஒப்புவர். எனினும் ஐயத்தை விளைவிக்க அந்த ஓர் எண் போதுமாயிற்று. ஐயுற்றோர் யாவரும் தீய நோக்கினர் என்று தள்ளிவிடுதலும் முறையன்று. ஓலைச்சுவடியின் இடைச்செருகலை ஆராயும் புலவனும் இவ்வாறே ஐயுறுவான்.

பின்னர் இதே படத்தின் நீண்ட வடிவம் வெளிவந்தது. அல்ஸ்ரனுக்குப் பின் அப்பதவிக்கு வந்த கிறிஸ்ரொவ் ஹெய்ன்ஸ் அதனையும் ஆராய்வித்து, உண்மையானதே என 2011 மே மாத இறுதியில் அறிவித்தார். அவ்வாண்டு டிசெம்பரில் வெளியான இலங்கையின் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கையோ, நிபுணரிடையே கருத்து வேறுபடுவதைச் சுட்டி, சுதந்திரமான விசாரணையை வேண்டிற்று. நீதிபதி தலைமையிலான விசாரணைக்குப் போதிய விடயம் சனல் 4 காட்டியவற்றுள் உண்டென்பதைப் பரணகம ஆணைக்குழுவின் அறிக்கையும் 2015இல் ஏற்றுக்கொண்டது. ஒளிபரப்பு நிகழ்ந்து ஆறு ஆண்டுகள் அதற்குட் கழிந்துவிட்டன.

இந்த இழுபறியைக் கூர்ந்து நோக்கியோருள் இலண்டனைத் தளமாகக் கொண்ட சர்வதேச சட்டத்தரணிகள் சங்கமும் ஒன்றாகும். அதன் நிறைவேற்றுப் பணிப்பாளர் மார்க் எல்லிஸ், சனல் 4 வெளியிட்ட இலங்கைப் பதிவை உறுதிப்படுத்துவதில் எழுந்த இடர்ப்பாட்டையே தம் சங்கத்தின் புதிய முயற்சிக்குத் தூண்டுதலாகச் சுட்டினார். அம்முயற்சி 2015 யூன் மாதத்தில் ‘ஐவிட்னஸ்’ என்னும் செயலியாக வெளிவந்தது.

அச்செயலியின் தனித்தன்மை அதன் கமராவிலேயே உள்ளது. ஏனைய செயலிகள் பல, தொலைபேசியில் ஏலவே உள்ள கமராவை அழைத்து அது எடுத்த கோப்பை வாங்கிக்கொள்ளும். அல்லது சேமிப்பிலுள்ள படமொன்றைத் தெரிவுசெய்யுமாறு கேட்கும். உறவினர்க்குத் திருமணப் படம் அனுப்ப இது தாராளமாகப் போதும். ஆயின் செயலியின் கைக்கு வருமுன் அக்கோப்பு என்ன ஆயிற்று என்பதற்கு எவரும் பிணை நிற்க முடியாது. வாட்ஸ்அப் போன்றவற்றின் வழியே செல்லும் படமோ சுருக்கப்பட்டு, தன்னுடன் இணைந்திருந்த நேரக் குறிப்பையும் இடக் குறிப்பையும் இழந்துவிடுகின்றது. எனவே ஐவிட்னஸ் செயலி பழைய படம் எதனையும் ஏற்பதில்லை. தன்னுட் பொருத்தப்பட்ட கமராவால் எடுத்ததை மட்டுமே ஏற்கும். எடுக்கும் கணத்திலேயே செய்மதி வழிப் பெறும் ஆயத்தொலைவு, நாள், நேரம், அண்மையிலுள்ள தொலைபேசிக் கோபுரங்கள், கம்பியில்லா இணைப்புக்கள் ஆகியவற்றையும் சேர்த்துப் பதியும். தொலைபேசியின் கடிகாரத்தை மட்டும் நம்புவதில்லை. யூலை 17 தந்த பாடம் இதுவே எனலாம். படத்தின் எண்ணுருவிலிருந்து ஓர் அடையாளத் தொகையும் கணிக்கப்படுகின்றது. படத்தில் ஒரு புள்ளி மாறினும் அத்தொகை மாறிவிடும். படம் வழக்கமான சேமிப்பிற் செல்லாது, மறைகுறியாக்கப்பட்டுச் செயலிக்குள்ளேயே தங்கும். இணைப்புக் கிடைக்கும்போது அனுப்பிக்கொள்ளலாம். செய்மதிக் குறிப்பைப் பெற இணைப்பு வேண்டியதில்லை. வன்னி போன்றதொரு முற்றுகைக்குள் இவ்வியல்பு எத்துணைப் பயன்பட்டிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எனினும் இடத்தையும் நேரத்தையும் துல்லியமாகக் கூறும் படம், எடுத்தவரையும் காட்டிக்கொடுக்க வல்லது. ஓமந்தையில் ஒவ்வொருவரும் சோதிக்கப்பட்ட நாட்களில் அத்தகைய தொலைபேசியுடன் வரிசையில் நிற்றல் எளிதாயிருந்திராது. பெயரின்றி அனுப்பவும், ஆபத்து வேளையில் விரைந்து அழிக்கவும் செயலி இடமளிப்பது இதனாலேயே.

2018 செப்டெம்பரில், கொங்கோவின் தென் கிவு மாகாணத்தில் இராணுவ நீதிமன்றமொன்று ஆயுதக்குழுத் தளபதிகள் இருவரை மானிடத்துக்கெதிரான குற்றங்களுக்காகத் தண்டித்தது. அவ்வழக்கில் இச்செயலியால் எடுத்த படங்கள் சான்றுகளுள் இடம்பெற்றன. வன்னிப் படம் விளைவித்த ஐயத்திலிருந்து பிறந்த கருவி, வன்னிக்குக் காலந் தாழ்ந்து பிறந்தமையால் முதலில் ஆபிரிக்கக் கிராமத்தவர்க்கு உதவிற்று. இலங்கை தொடர்பான சான்றுகளைத் திரட்டிப் பேணவென ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவை 46/1ஆம் தீர்மானத்தின் மூலம் 2021 மார்ச்சில் வழிசெய்தது. அவ்வாறு திரட்டப்படும் 2009ஆம் ஆண்டுப் படம் எதுவாயினும், பழைய முறையிலேயே, ஒவ்வொரு கோப்பாக ஆராயப்பட வேண்டியதாகும்.

கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டம் தொடங்கியது. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அது தொடர்ந்தது. அவர்கள் ஏந்தி நின்ற படங்கள் பெரும்பாலும் கல்யாண வீட்டிலோ, அடையாள அட்டைக்காக ஸ்ரூடியோவிலோ எடுக்கப்பட்டவை. 2009 மே 18இல் வட்டுவாகலிற் பிள்ளையையோ கணவனையோ படையினரிடம் கையளித்ததாகக் கூறுவோரும் அவர்களுள் உளர். கையிலுள்ள படம் அப்படியொருவர் இருந்தார் என்பதை மட்டுமே காட்டும். எந்த நாளில், எந்த இடத்தில், யாரிடம் கையளிக்கப்பட்டார் என்பதை அதனை ஏந்தி நிற்பவரே வாயாற் சொல்ல வேண்டியதாயிற்று.