செட்டிநாட்டு அவையும் மேடைத் தமிழும்

சிவகங்கைக்கு அருகே நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதி இருக்கிறது. அங்கிருந்து ஒரு சிட்டிகை மண் எடுத்துவந்து, பிறந்த குழந்தையின் நாவில் வைப்பது இவ்வட்டாரத்தில் வழிவழியாக வரும் வழக்கம். பிள்ளை நாவன்மையோடு வளரும், கவி பாடும் என்பது நம்பிக்கை. இந்த வழக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். பிள்ளைக்குப் பொன்னும் பொருளும் வேண்டுவதோடு நில்லாமல், சொல்லும் வேண்டும் என்று கேட்ட சீமை இது. நாவன்மை மண்ணோடு வந்துவிடாது என்பதையும் இதே சீமை நன்றாக அறிந்திருந்தது. பேச வருகிறவரைப் பக்குவப்படுத்தும் அவைகளை ஒன்றன்பின் ஒன்றாக அது ஏற்படுத்தியது.

மேடைப்பேச்சில் சிறக்க விரும்பும் இளைஞர்களுக்குக் குரல், கையசைவு, பார்வை என்று இன்று பல பாடங்கள் சொல்லித் தரப்படுகின்றன. வேண்டியவைதாம். ஆயினும் ஒரு பேச்சாளரை முதலில் உருவாக்குவது அவர் எதிரே உட்கார்ந்திருக்கும் அவைதான். செட்டிநாட்டின் நூறாண்டு அனுபவத்திலிருந்து நான் தெரிந்துகொண்டது இது.

பட்டிமண்டபம் நமக்குப் பழையது. கரிகாலனுக்கு மகத மன்னன் கொடுத்த பட்டிமண்டபத்தைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. சமயவாதிகள் முறையறிந்து அம்மண்டபத்தில் ஏற வேண்டும் என்று மணிமேகலையின் விழாவறை காதையில் முரசறைகிறார்கள். ஆனால் பொதுமக்கள் முன் எழுந்து நின்று உரைநடையில் பேசும் கலை, இன்று நாம் அறிந்த வடிவில், அண்மைக் காலத்தது. அதற்கு முன் புராணப் படிப்பும் கதாகாலட்சேபமும் இருந்தன. ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தொடங்கிய சைவப் பிரசங்கம் ஒரு தொடக்கம். 1908இல் தூத்துக்குடி ஆலைத் தொழிலாளர் முன் சுப்பிரமணிய சிவாவும் வ.உ.சி.யும் பேசிய பேச்சு இன்னொரு தொடக்கம். இருநூறு ஆண்டுகூட நிரம்பாத கலை இது.

அந்த இளங்கலைக்குச் செட்டிநாடு இடம் கொடுத்தது. 1909இல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை எழுந்தது. 1917இல் காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம். 1919இல் காரைக்குடிக்கு வந்த பாரதி அச்சங்கத்தை வாழ்த்திப் பாடினார். சிராவயலில் ஆசிரமப் பணியில் இருந்த இளைஞர் ஜீவானந்தத்தைக் காந்தியடிகள் 1927இல் சந்தித்ததும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போன நகரத்தார், ஈட்டியதில் ஒரு பங்கைக் கோயிலுக்கும் கல்விக்கும் தமிழுக்கும் ஒதுக்கினார்கள். பொருளோடு இன்னொன்றையும் தந்தார்கள் என்பேன்: கணக்குக் கேட்கும் பழக்கம். ஐந்தொகை பார்த்துப் பழகிய கண் பேரேட்டில் ஒரு பற்று விடுபட்டாலும் கண்டுகொள்வதுபோல, ஆதாரமில்லாமல் விழுந்த ஒரு சொல்லையும் அந்த அவை கண்டுகொண்டது.

அப்படிப்பட்ட அவையில் தலைநிமிர்ந்து நின்றவர் பண்டிதமணி மு. கதிரேசன் செட்டியார் (1881–1953). மகிபாலன்பட்டியில் பிறந்தவர். இளமையிலேயே கால் முடங்கிப்போனதால் கடைசிவரை ஊன்றுகோல் துணையோடு நடந்தவர். பள்ளிக்கூடத்தில் படித்தது சில மாதங்களே. தாமே முயன்றும் அறிஞர்களை அடுத்தும் தமிழும் வடமொழியும் கற்றார். மிருச்சகடிகத்தை ‘மண்ணியல் சிறுதேர்’ என்று தமிழில் தந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் விளங்கினார். கவிஞர் முடியரசன் அவர் வரலாற்றைக் காப்பியமாகப் பாடி, அதற்கு ‘ஊன்றுகோல்’ என்றே பெயரிட்டார். மேடையில் நாலடி உலாவிப் பேசுவதைப் பேச்சாற்றலின் அடையாளமாகக் கருதும் இளைஞர்கள் இவரை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் நின்று, சொல்லின் தெளிவாலும் பொருளின் கனத்தாலும் மட்டுமே அவர் அவையை ஆண்டார்.

காரைக்குடிக் கம்பன் கழகம் 1939இல் தோன்றியது. தோற்றுவித்தவர் ‘கம்பன் அடிப்பொடி’ சா. கணேசன் (1908–1982). விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். பிற்காலத்தில் சுதந்திராக் கட்சியின் சார்பில் காரைக்குடியின் சட்டமன்ற உறுப்பினர். கழகம் நடத்திய முதல் கம்பன் விழாவுக்குத் தலைமை தாங்கியவர் ரசிகமணி டி.கே.சி. பங்குனி மாதத்தில் மகம், பூரம், உத்திரம் ஆகிய நாள்களில் விழா காரைக்குடியில். அத்த நாள் நாட்டரசன்கோட்டையில். கம்பன் தன் காப்பியத்தை அரங்கேற்றியது ஒரு பங்குனி அத்தத்தில் என்ற மரபை ஒட்டிய ஏற்பாடு இது.

சா. கணேசன் பெயரைச் சொன்னால் பழைய காரைக்குடிக்காரர்கள் கம்பனுக்கு அடுத்தபடி கடிகாரத்தைத்தான் சொல்வார்கள். விழா குறித்த மணிக்குத் தொடங்கும். குறித்த மணிக்கு முடியும். இதை வெறும் நிர்வாகக் கண்டிப்பு என்று எண்ணக்கூடாது. நேரத்துக்கு அடங்கிப் பேசுவது பேச்சாளரின் சிந்தனையையே மாற்றிவிடுகிறது. பதினைந்து நிமிடம்தான் என்று உறுதியாகத் தெரிந்தவர், தமக்குத் தெரிந்த அத்தனையையும் கொட்ட மாட்டார். எதைச் சொல்லாமல் விடலாம் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வருவார். இன்று உலகெங்கும் பார்க்கப்படும் டெட் உரைகளுக்குப் பதினெட்டு நிமிட எல்லை வைத்திருக்கிறார்கள். அதைப் புதுமை என்று வியக்கிறோம். நம் மேடைகளில் தலைவரவர்களே, முன்னிலை வகிப்பவரே, பொன்னாடை போர்த்தியவரே என்று விளிப்பதிலேயே ஐந்து நிமிடம் போய்விடுகிறது. அவை மிகுந்த ஆர்வத்தோடு காது கொடுப்பது அந்த முதல் ஐந்து நிமிடத்தில்தான். அதைப் பெயர்ப் பட்டியலுக்குப் பலியிடுவது எனக்குத் தாங்கமுடியாத வருத்தம். அவைக்கு ஒரே வணக்கம், உடனே பொருள் என்று பழகிக்கொண்டாலே ஒரு மாணவர் பாதித் தூரம் கடந்துவிடுவார்.

நேரத்தை அடுத்து நூல். தேர்ந்த கம்பன் பேச்சாளர் ஒரு விருத்தத்தை எப்படிக் கையாள்கிறார் என்று கூர்ந்து கவனியுங்கள். முதலில் சந்தம் கெடாமல் ஒருமுறை முழுவதும் சொல்வார். கேட்பவர் காதில் அப்போது ஓசை நிறையும். பொருள் பாதிதான் விளங்கும். பிறகு சந்தி பிரித்து, பேசும் நடையில், மெல்ல. இப்போது பின்வரிசையில் இருப்பவருக்கும் பொருள் எட்டிவிடும். மூன்றாவதாகத் தம் வாதம் எந்தச் சொல்லின்மேல் நிற்கிறதோ, அந்தச் சொல்லுக்கு முன் மூச்சு வாங்குகிற அளவுக்கு ஓர் இடைவெளி விட்டு, அதை மட்டும் தனியே எடுத்துவைப்பார். அந்த இடைவெளியில் அவையே அச்சொல்லை உதட்டில் கொண்டுவந்துவிடும். இதைக் குரல்வளத்தால் மட்டும் சாதிக்க முடியாது. நூறு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த பாட்டுக்குத்தான் இப்படி வளையத் தெரியும். டி.கே.சி. ஒரே பாடலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுபவிக்கச் செய்த முறை இதற்கு முன்னோடி.

ஒருமுறை விழா முடிந்து வெளியே வரும்போது, முன்வரிசையில் இருந்த ஓர் ஆச்சி, அன்று பேசிய இளைஞரை நிறுத்தி, “தம்பி, பாட்டு நல்லாச் சொன்னீங்க. ஆனா அதுல வர்ற ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லாமலே போய்ட்டீங்களே, அதுக்காகத்தானே உக்காந்திருந்தேன்?” என்றார். இளைஞர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். இருவரும் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அந்தப் பாட்டைப் பார்த்தார்கள். எந்தப் பயிற்சி வகுப்பும் தர முடியாத பாடம் அது.

பட்டிமண்டபத்தைக் கம்பன் விழா மீண்டும் மேடையேற்றியது தமிழ்ப் பேச்சுக்கலைக்குக் கிடைத்த பெரும்பேறு. உயர்ந்தவன் கும்பகருணனா, வீடணனா என்று ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். கும்பகருணன் பக்கம் பேச வருகிறவர் ‘செஞ்சோற்றுக் கடன்’ என்று சொல்லிக் கைதட்டு வாங்கிவிடலாம். ஆனால் இந்த அவை விடாது. இராவணனின் மந்திராலோசனையில் முதலில் அண்ணன் செய்தது தவறு என்று இடித்துரைத்தவனும் இவன்தானே, அறம் தெரிந்தும் ஏன் அந்தப் பக்கம் நின்றான் என்று எதிரணி கேட்கும். போர்க்களத்தில் தம்பி வந்து இராமனிடம் சேர்ந்துவிடு என்று அழைக்கும் இடத்தை எடுத்துச் சொல்லாமல் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. அந்த இடமோ வீடணனுக்கும் பெருமை சேர்க்கும் இடம். ஆகவே எதிரணியின் மிக வலிய பாடலைத் தாமே முதலில் மனமாரச் சொல்லி, அதன் அழகை ஒப்புக்கொண்டு, அதன் பிறகே தம் கட்சியை நிறுவ வேண்டியிருக்கிறது. இந்தப் பயிற்சி வாய்த்தவர் நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் ஊர்க்கூட்டத்திலும் தடுமாற மாட்டார்.

காரைக்குடிக்கு மேற்கே குன்றக்குடி. அங்குள்ள சைவ ஆதீனத்தின் தலைமையை 1952இல் ஏற்ற தவத்திரு குன்றக்குடி அடிகளார் (1925–1995), பட்டிமண்டப நடுவர் என்ற பொறுப்புக்கு ஓர் இலக்கணம் வகுத்தார் என்று சொல்ல வேண்டும். சைவ மடத்தின் தலைவர், திருமாலின் அவதாரக் கதையைப் பற்றிய வழக்கில் தீர்ப்புச் சொல்கிறார்! இரு அணியும் சொன்னவற்றைத் தொகுத்து, இருவரும் தொடாத ஒரு கோணத்தைத் திறந்து, அதன் வழியே தீர்ப்புக்கு வருவது அவர் முறை. நன்றாகக் கேட்டவர்தான் அப்படி முடிக்க முடியும். பேச்சாளர் ஆக விரும்புகிறவர் நடுவர் இருக்கையைக் கவனிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொதுவுடைமை மேடையில் முழங்கிய ஜீவானந்தம் கம்பன் விழாவிலும் பேசினார். பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக உயர்ந்த மு.மு. இஸ்மாயில் கம்பனில் தோய்ந்து உரையாற்றினார். ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்காரரான சா. கணேசன் நடத்திய விழாவில் இவர்களுக்கெல்லாம் இடம் இருந்தது. அந்தக் காலத்திலேயே கம்பனை எரிக்க வேண்டும் என்ற குரலும் நாட்டில் ஓங்கி ஒலித்தது. 1943 பிப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா.பி. சேதுப்பிள்ளையும், மார்ச்சில் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் அக்குரலை எழுப்பிய அண்ணாவோடு மேடையில் நேருக்கு நேர் வாதிட்டார்கள். அவ்வாதங்கள் ‘தீ பரவட்டும்’ என்ற நூலாக இன்றும் கிடைக்கின்றன. கம்பன்பால் அளவிறந்த காதல் கொண்டவன் நான். ஆயினும் மேடைப்பேச்சு பயிலும் மாணவர்கள் அந்நூலைப் படிக்க வேண்டும் என்பேன். எதிராளியின் நூலை அண்ணா எவ்வளவு ஆழமாகப் படித்துவிட்டு வந்தார் என்பதற்காகவே படிக்க வேண்டும். நம் கட்சிக் கூட்டத்தில் நம்மவர் முன் பேசிக் கைதட்டு வாங்குவது எளிது. உடன்படாதவர் எதிரே இருக்கும்போது, அவரும் தலையசைக்கும்படி ஒரு வாக்கியமாவது சொல்வதுதான் கடினம். அந்த வாய்ப்பைத் தந்த மேடைகளே நல்ல பேச்சாளர்களை நமக்குத் தந்தன.

மேடை அச்சம் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். வள்ளுவர் அவையறிதலை 72ஆம் அதிகாரமாகவும் அவையஞ்சாமையை 73ஆம் அதிகாரமாகவும் வைத்திருக்கிறார். இந்த வரிசையே எனக்கு விடையாகத் தோன்றுகிறது. எதிரே இருப்பவர் யார், அவருக்கு என்ன தெரியும், எதைக் கேட்க வந்திருக்கிறார் என்பது தெரியத் தெரிய நடுக்கம் குறைகிறது. மூச்சுப் பயிற்சியும் கண்ணாடி முன் ஒத்திகையும் உதவும். ஆனால் கண்ணாடியில் தெரிவது நம் முகம் மட்டுமே.

இன்றைய நிலைமை மனத்தை வாட்டுகிறது. பள்ளிப் பேச்சுப்போட்டிகளில் ஆசிரியரோ பெற்றோரோ எழுதித் தந்ததைப் பிள்ளை மனப்பாடம் செய்கிறது. எந்த வரியில் கை உயர வேண்டும், எந்த வரியில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பதும் முன்கூட்டியே தீர்மானம். நடுவில் ஒரு சொல் மறந்தால் பேச்சு முழுவதும் நின்றுவிடுகிறது. பிள்ளை கண்கலங்கி இறங்குகிறது. அந்தப் பிள்ளையை நாம் பேசவே விடவில்லை. தொலைக்காட்சிப் பட்டிமன்றம் எல்லோர் வீட்டுக்கும் மேடைத் தமிழைக் கொண்டுவந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். அதை மக்கள் கலையாக்கிய சாலமன் பாப்பையா திருக்குறளுக்கு உரை எழுதிய தமிழ்ப் பேராசிரியர். அவருடைய சிரிப்புக்குப் பின்னால் அரை நூற்றாண்டுப் படிப்பு இருக்கிறது. பின்வந்தவர்களில் பலர் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

காரைக்குடி காட்டிய வழி ஊர் எல்லையோடு நின்றுவிடவில்லை. சென்னையிலும் புதுச்சேரியிலும் கம்பன் கழகங்கள் எழுந்தன. 1980இல் யாழ்ப்பாணத்தில் இளைஞர்கள் கூடித் தொடங்கிய கம்பன் கழகம், கம்பவாரிதி இலங்கை ஜெயராஜை உலகத் தமிழருக்குத் தந்தது.

இதைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளி இலக்கிய மன்றத்தில் பத்துப் பிள்ளைகளைச் சேருங்கள். எல்லோரும் கம்பனில் ஒரே ஒரு படலத்தை ஒரு மாதம் படிக்கட்டும். பிறகு ஆளுக்கு ஐந்து நிமிடம், தாள் இல்லாமல், தாமே எழுந்து பேசட்டும். ஒவ்வொருவர் பேச்சு முடிந்ததும் மற்ற ஒன்பது பேரில் இருவராவது கேள்வி கேட்க வேண்டும். பேசியவர் நூலைப் பிரித்துக் காட்டிப் பதில் சொல்ல வேண்டும். பரிசுக் கோப்பை வேண்டாம். பங்குனி வந்ததும் அந்தப் பத்துப் பேரையும் காரைக்குடிக்கு அழைத்துவாருங்கள். முன்வரிசையில் உட்காரவைத்து, படித்த அதே படலத்தைப் பெரியவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்கச் செய்யுங்கள். எங்கே உடன்படவில்லை என்று குறித்துக்கொள்ள ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்துவிடுங்கள்.